என் மனைவியின் இரத்தக்குழாய்கள்மேல் நான் கொண்ட பொறாமை

நெஞ்சடைப்பு வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் தந்த தேவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை. பொறாமை என் வாயைக் கட்டியிருந்தது. யார்மேல்? என் மனைவி எஸ்தர்மேல்.

ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய், ஒரே கருவாட்டுக் குழம்பு. அவளுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். எனக்கு மட்டும் அடைப்பு. டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"மாதவிலக்கு நிக்கிறவரைக்கும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன் இருக்கு சார். ரத்தக்குழாயை இளக்கமா வச்சிருக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உப்பில்லாத கஞ்சி குடிக்கும்போது அவள் ஊறுகாய் தொட்டுக்கொள்வாள். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாள். நான் பாதிப் படியில் மூச்சு வாங்குவேன். முழங்கால் போட்டால், "ஆண்டவரே, அவளுக்குக் கொடுத்ததை எனக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்பதுதான் என் ஜெபம்.

சில வருடங்களில் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. திடீரென்று உடம்பு சூடாகும், வேர்க்கும். அந்தக் காவல் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். பயப்பட வேண்டிய நான், 'இனி இருவரும் சமம்' என்று நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். துணி மடித்துக்கொண்டிருந்தவள் சுவரில் சாய்ந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"தாடை வலிக்குதுங்க. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லீங்க. எல்லாம் அந்த வயசுக் கோளாறுதான். கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

எனக்கு அடைப்பு வந்த அன்றும் இப்படித்தான் வேர்த்தது. "ஆண்டவரே, அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதேயும்." அவ்வளவுதான் ஜெபிக்க முடிந்தது. அவளைத் தாங்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தேன். ஓர் ஆட்டோ நின்றது.

"இன்னா சார், அக்காக்கு இப்டி வேர்த்துகினே கீது! சேக்காடு பக்கம் ஃபுல்லா தண்ணி. நான் சுத்திகினு போறேன், நீ கெட்டியா புட்ச்சிக்கோ" என்று பறந்தார் டிரைவர்.

ஆஸ்பத்திரியில் முதல் ஈசிஜியில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. வாயுவாக இருக்கலாம் என்றார்கள். எஸ்தர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அப்போது டாக்டரம்மா ஒருவர் வந்து, "கர்ப்பமா இருந்தப்போ பிரஷர் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றாள் எஸ்தர்.

என்னை யாரோ உலுக்கியதுபோல் இருந்தது. "இருந்துச்சு டாக்டர். எங்க பொண்ணு வயித்துல இருந்தப்போ எட்டாம் மாசம் முகமும் காலும் வீங்கி, பிரஷர் ஏறி, அவசரமா ஆபரேஷன் பண்ணாங்க."

"அப்படி இருந்தவங்களுக்குப் பின்னாடியும் ரத்தக்குழாய்ல பிரச்சினை வரலாம். இவங்களை அனுப்பாதீங்க" என்றார் அவர். இரத்தப் பரிசோதனை, ஆஞ்சியோ. முக்கியக் குழாயில் பெரிய அடைப்பு. அன்று மாலையே ஸ்டென்ட் வைத்தார்கள்.

அந்தக் கேள்வியை அந்த அம்மா வாயில் வைத்தவரும், எஸ்தரே மறந்ததை எனக்கு நினைப்பூட்டினவரும் கர்த்தரே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது காலையில் சேர்ந்து நடக்கிறோம். அவள் முந்திப் போய்விடுகிறாள். பொறாமையாகத்தான் இருக்கிறது! அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிடுகிறேன்.

சகோதரர்களே, உங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தாடை வலித்தாலும், காரணமில்லாமல் வேர்த்தாலும் வயசு என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுடைய பிரசவத்தில் நடந்ததை மறக்காதீர்கள். கர்த்தரை நம்பி ஜெபியுங்கள். ஜெபித்துக்கொண்டே ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.