ஐந்து கோடு கழிக்கவும்

என் அக்காவிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர்கள் இந்தத் தெருவிலேயே கிடையாது. நானும் நாற்பத்தாறு வருடமாக முயன்று பார்க்கிறேன்.

ஒரு பெரிய தொழிற்சாலையின் ஸ்டோரில் உதிரிபாகம் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் பார்த்த வேலை. வெளியிலிருந்து வரும் இரும்புப் பின்களில் பாதி பொருந்தாமல் திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, "இதை நாமளே ஒழுங்கா செஞ்சா என்ன?" என்று வேலையை விட்டுவிட்டாள். வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் இருந்தது, கார்தான் இல்லை. அதில் இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்தை இறக்கினாள். மாமா, அதாவது அவள் கணவர், "அப்ப காரை எங்க நிறுத்தறது?" என்று கேட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் நாளே மாமாவின் கையிலிருந்து மைக்ரோமீட்டர் தரையில் விழுந்தது. ஒரு மில்லிமீட்டரை நூறு கோடாகப் பிரித்து அளக்கிற கருவி அது. விழுந்ததிலிருந்து எதை அளந்தாலும் ஐந்து கோடு கூடுதலாகக் காட்டியது. அக்கா அசரவில்லை. "தப்பானாலும் ஒரே மாதிரிதானே சொல்லுது? போதும்" என்று சுவரில் பெரிய எழுத்தில் 'ஐந்து கோடு கழிக்கவும்' என்று பெயிண்ட் அடித்துவிட்டாள்.

என்னையும் சேர்த்து ஆறு பேர், நான்கு லேத் என்று வளர்ந்த பிறகும் அதே கணக்குதான். தூக்கத்தில் எழுப்பினாலும் ஐந்தைக் கழிப்போம். மாமா தன் வயதிலும் ஐந்து கழித்துச் சொல்வார். அதற்கு மைக்ரோமீட்டர் பொறுப்பல்ல.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பம்பு கம்பெனி, "ஷெட்டுல செய்யற பொருள் வேண்டாம்" என்று வாசலோடு அனுப்பிவிட்டது. அக்காவுக்கு அது ஆறாத காயம். அதே கம்பெனி இப்போது முந்நூறு பின் கேட்டிருந்தது. சரியாக வந்தால் தொடர்ந்து ஆர்டர். பிசகினால் இந்த ஜென்மத்தில் அந்த வாசல் ஏற முடியாது.

அங்கேதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. யாருக்கும் தெரியாமல் மைக்ரோமீட்டரை ரிப்பேருக்குக் கொண்டுபோனேன். இரண்டே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் பதினெட்டு வயது நிறைகிறது, அன்று சொல்லி அக்காவை அசத்தலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியிருந்த ஒரே வாரம் அதுதான். அதற்குள் முந்நூறு பின்னையும் கடைந்து முடித்துவிட்டார்கள். நான் வெளியே இரும்பு வாங்க அலைந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை கம்பெனி என்ஜினீயர் சொந்த மைக்ரோமீட்டரோடு வந்தார். முதல் பின் ஐந்து கோடு கூடுதல். இரண்டாவதும் ஐந்து. பத்தாவதும் ஐந்து.

"இருக்காதுங்க," என்றாள் அக்கா. "எங்களுது எப்பவும் அஞ்சு கூடத்தான் காட்டும். அதைக் கழிச்சுத்தான் செஞ்சிருக்கோம்."

அவர் சுவரைப் படித்தார். "தப்பா அளக்கிற கருவியை வச்சா இத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

நான் மெல்ல முன்னால் வந்தேன். "அக்கா... அதை நான் ரிப்பேர் பண்ணிட்டேன். இப்ப சரியாத்தான் காட்டும்."

"யாரைக் கேட்டுடா பண்ணின?"

"நீ சந்தோஷப்படுவேன்னு..."

"ஆமா, குதிக்கிறேன் பாரு!"

என்ஜினீயர் பையை மூடினார். அக்கா வாசலை மறித்து நின்றாள். "சார், கூடத்தானே இருக்கு? குறைஞ்சிருந்தா ஒட்டவைக்க முடியாது, பழைய இரும்புக்குத்தான் போகும். கூடினதைச் சீவிடலாம். நாலு மணிக்கு வாங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் மொத்தத்தையும் விட்டுட்டுப் போங்க."

அவர் போனதும் நான்கு லேத்தும் ஒன்றாக உறுமின. ஒருவரும் மதியம் சாப்பிடவில்லை. ஒவ்வொரு பின்னையும் நான்தான் அளந்தேன். பயத்தில் ஒவ்வொன்றையும் மூன்று முறை. ஐந்தைக் கழிக்காமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு வந்தவர் நாற்பது பின்களை அளந்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆர்டர் தர்றேம்மா," என்றார். "ஆனா முதல்ல அந்த மைக்ரோமீட்டரைத் தூக்கிப் போடுங்க."

அக்கா அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "பதினெட்டு வருஷம் பொய் சொன்னப்பவே வச்சிருந்தேன். இப்பத்தான் உண்மை பேச ஆரம்பிச்சிருக்கு, இப்பப் போய்த் துரத்தச் சொல்றீங்களே!"

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சுவருக்கு வெள்ளையடிக்கிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது.