மேலே இழுத்து வைத்த மட்டை

என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் பைலட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வருகிற கப்பலில் ஏறி அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர் வேலை. பாறைக்கும் கப்பலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்வையாலேயே அளந்து சம்பாதித்த மனிதர். அந்தத் திமிரைக் கோல்ஃப் மைதானத்துக்கும் அப்படியே கொண்டுபோனார். குழியில் நட்டிருக்கும் கொடி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று லேசர் கருவியில் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கண்ணிருக்கிற ஆம்பிளைக்கு என்னத்துக்கு மெசின்?" என்பார்.

மகள் கனடாவிலிருந்து வந்தபோது அப்படி ஒரு கருவியை அவருக்கென்றே வாங்கி வந்தாள். அவர் தொட்டும் பார்க்கவில்லை. அது அலுமாரிக்குள் கிடந்தது. பிறகு சீனி வருத்தம், நீரிழிவுதான், கண்ணுக்கு ஏறியது. காலடியில் கிடக்கும் பந்து தெரியும், கொடி தெரியாது. மட்டையில் பொறித்திருக்கும் இலக்கமும் மங்கல்தான். கண் டொக்டரிடமிருந்து வெளியே வந்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"இந்தக் கதை வெளியில போகக் கூடாது. விளங்குதோ?"

செத்துப்போவதற்குக்கூட அவர் அவ்வளவு பயந்ததில்லை. பார்வையால் கப்பல் ஓட்டியவனுக்குப் பார்வை போய்விட்டது என்று நண்பர்கள் சிரிப்பார்களே, அதுதான் அவருடைய பயம்.

மட்டைப் பை இழுக்க ஆள் வைத்தால் ஊரெல்லாம் கதை பரவும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். கருவி என் கைப்பையில் இருக்கும். அவர் மற்றவர்களோடு கதைத்துக்கொண்டு நிற்கும்போது நான் மரத்துக் குரங்குகளைப் பார்ப்பவள் போலக் கருவியைக் கண்ணில் வைத்துத் தூரத்தைப் பார்த்துக்கொள்வேன். பையைக் கொடிக்கு நேரே நிறுத்தி, அந்தத் தூரத்துக்கு ஏற்ற மட்டையை மட்டும் ஒரு சாண் மேலே இழுத்து வைப்பேன். அவர் வருவார். கண்ணைச் சுருக்கிக் கொடிப்பக்கம் பார்ப்பார், காற்றை மோந்து பார்ப்பார், பெரிய மனிதர் மாதிரித் தலையை ஆட்டுவார். பிறகு கையை நீட்டி, உயர்ந்து நிற்கும் மட்டையை உருவுவார். பந்து போய் நல்ல இடத்தில் விழும்.

"பாத்தீங்களோ? கண்ணாலதான் அளந்தனான்."

ஆட்டம் முடிந்ததும் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு பிரசங்கம் தொடங்கும். கருவியை நம்புகிறவர்கள், கண்ணை நம்புகிறவர்கள் என்று கோல்ஃப் ஆடுகிறவர்களில் இரண்டே சாதிதானாம். பெண்சாதியை நம்பி ஆடிவிட்டு வாயால் வெல்கிற மூன்றாவது சாதியைப் பற்றி அவர் மூச்சும் விடமாட்டார். லேசர் கருவி நல்ல கருவிதான். சொல்வதைச் சரியாகச் சொல்லும், நன்றி எதிர்பார்க்காது. நான் எதிர்பார்த்தேன்.

அன்றைக்கு வழக்கமான இரண்டு நண்பர்களும் வந்திருந்தார்கள். ஒருவர் வங்கி முகாமையாளராக இருந்தவர், மற்றவர் கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருப்பவர். மாற்றலாகி வந்த பொறியியலாளர் ஒருவரும் புதிதாகச் சேர்ந்திருந்தார். கடைசிக் குழிக்கு, உள்ளே நுழைந்து கிடக்கும் கடலைத் தாண்டி அடிக்க வேண்டும். பொறியியலாளர் தன் கருவியை வெளியே எடுத்தார். என் கணவருக்கு அது போதும்.

"தம்பி, உந்த மெசினை உள்ள வையும். என்ர மனிசியிட்டயும் ஒண்டு கிடக்கு. குசினியில இருந்து கிணத்தடி எவ்வளவு தூரமெண்டு அவவுக்குத் தெரியாது. அதுக்குத்தான் மகள் வாங்கிக் குடுத்தவள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, மேலே இழுத்து வைத்திருந்த மட்டையை உள்ளே தள்ளினேன்.

அவர் வந்தார். கண்ணைச் சுருக்கினார், காற்றை மோந்தார், தலையை ஆட்டினார், கையை நீட்டினார். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. சந்தையில் மாங்காய் பொறுக்குகிறவர் மாதிரி ஒவ்வொரு மட்டையின் தலையாகத் தடவினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

"இஞ்சாரும்," என்று என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

நான் புல்லில் சத்தமில்லாமல் நடந்து அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கடைசியில் அவர் ஒன்றை உருவி எடுத்தார். குழிக்குப் பக்கத்தில் வைத்துப் பந்தைத் தட்டுகிற குட்டை மட்டை அது.

"ஐயா, அது..." என்று பொறியியலாளர் வாயெடுத்தார். ஆலைக்காரர் அவருடைய தோளைத் தட்டினார்.

"சும்மா இருங்க தம்பி. இண்டைக்கு அக்கா இழுத்து வைக்க மறந்துட்டா போல."

முகாமையாளர் சிரிப்பை அடக்கக் கைலேஞ்சியால் வாயைப் பொத்தினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும். ஒவ்வொரு கிழமையும் "கண்ணாலதான் அளந்தனான்" என்று அவர் சொல்வதைக் கேட்டு, வீட்டுக்குப் போய்ச் சிரிப்பதற்காகவே அவரை ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நான் போட்டு உடைக்க நினைத்ததை அவர்கள் எப்போதோ உடைத்து வைத்திருந்தார்கள்.

அவருடைய காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஆலைக்காரர் சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. குட்டை மட்டையைப் பிடித்தபடி, நான் முதலில் நின்ற இடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்வளவு தூரம், சொல்லுமன்."

இத்தனை காலத்தில் எல்லோருக்கும் கேட்க அவர் என்னிடம் தூரம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கருவியை எடுத்துக் கண்ணில் வைத்தேன். கொடியைப் பார்க்கவில்லை, அவருடைய முதுகைப் பார்த்தேன்.

"ஏழு மீற்றர்," என்றேன். "நான் உங்களுக்குப் பின்னால நிக்கிறன்."