கழற்றி வைத்த கயிறு

மரம் கடையும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகளின் சட்டையில் பூவரசமரத் தூள் வாசனை. அதே வாசனையோடுதான் அப்பாவும் சங்கரன்கோவில் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வருவார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அம்மா அவர் கையில் கோயில் கயிறு கட்டிவிடுவாள். மிஷினைப் போடுமுன் அப்பா அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். ஒருநாள் மறந்துவிட்டார். மிஷினில் சுழன்ற கட்டில்கால் கயிற்றைச் சுற்றி இழுத்தது. கயிறு அறுந்ததால் கை தப்பியது. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு.

“கயிறுதான் காப்பாத்திச்சு” என்றாள் அம்மா.

“கயிறுதாம்ட்டி கையை இழுத்துச்சு” என்றார் அப்பா.

இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். யார் சொன்னது சரி என்று இன்றுவரை விளங்கவில்லை.

மகளுக்கும் கயிறு கட்டினேன். “மிஷின் போடையில கழத்தி வச்சிரு” என்றேன்.

“பெறவு எதுக்கும்மா கட்டுத?”

முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.