பதில் சொல்லும் பாதி

"உதிரிப்பாகங்களைப் பெற்று, சரிபார்த்து, அடுக்கி, எதையும் விட்டுவிடாமல் பாதுகாத்து வைப்பவர்" என்கிறது பேருந்துப் பணிமனையின் பணி விவரக் குறிப்பு. அப்படிப்பட்ட கிடங்குப் பொறுப்பாளர் இப்போது இரும்பு அலமாரிகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்டதையும் வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார். "புளூடூத்து எதுக்கு? போ. பிரிண்டரா? இந்த மெஷின் பிரிண்டரையே பார்த்ததில்ல, போ. இத்தனை பாஷையா? நமக்குத் தெரிஞ்ச ஒண்ணையே ஒழுங்காப் பேச ஆளக் காணோம், போ." ஒவ்வொரு 'போ'வுக்கும் ஒரு தட்டு. பிரேக் லைனிங் கேட்டு வந்த மெக்கானிக், அடுத்த 'போ' தனக்குத்தானோ என்று கதவோரமாக நிற்கிறார்.

ஓட்டுநர்கள் இவருக்கு வைத்த பெயர் 'கத்திரி அக்கா'. எதிரிலேயே கூப்பிடுவார்கள். மேலாளர் மட்டும் மரியாதை கருதி, அவர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார்.

கம்ப்யூட்டர் வேலையை இவருக்கு யாரும் கொடுக்கவில்லை. கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள் கிடங்கில் வந்து விழுந்தன. சும்மா கிடக்கிறதே என்று நோண்டினார். இப்போது பணிமனை முழுக்க ஓடுபவை அவர் கட்டிக்கொடுத்தவை. மற்றவர்கள் சாப்ட்வேரைத் தைத்து முடித்த சட்டையாக வாங்குகிறார்கள். இவர் துணியாக வாங்குகிறார். எழுதியவர்கள் எழுதியபடியே, சோர்ஸ் கோடு என்கிற மூலத்தை இறக்கி, எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கம்ப்யூட்டரையே விட்டுத் தைக்கச் சொல்வார். தைத்து முடிக்கப் பாதி நாள்கூட ஆகும். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பிறர் தொடர் பார்ப்பதுபோல் இவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் யாராவது பேசினால் கையமர்த்துவார்.

இவ்வளவு வெட்டுகிறவரின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. "அங்க போய் வெட்டுறா, இங்க வந்து சேர்க்கிறா. பாட்டில் உடைஞ்சே வருஷமாச்சு, மூடி மட்டும் இருக்கு" என்பது கணவரின் புகார். அதற்கும் பதில் வைத்திருக்கிறார். "கம்ப்யூட்டர்ல சும்மா கிடக்கிறதுக்குள்ள எவன் வேணா பூந்து வருவான். உங்க பாட்டில் மூடி வழியா எவன்ங்க வரப் போறான்?"

அவருடைய பெரும் பகை சர்வர்மேல்தான். பல சாப்ட்வேர்களுக்கு இரண்டு பாதிகள் உண்டு: கேட்கும் பாதி, பதில் சொல்லும் பாதி. பதில் சொல்வதுதான் சர்வர். மூலத்திலிருந்து கட்டும்போது அது விருப்பம். வேண்டாம் என்றால் கட்டப்படாது. "ஓட்டல் சர்வர் மாதிரியா?" என்று மேலாளர் ஒருமுறை கேட்டார். "அதேதான் சார். ஒரு ஓட்டலுக்கு ஒரு சர்வர் போதும். இங்க சாப்பிட வந்தவன் அத்தனை பேரும் தோள்ல துண்டோட நிக்கிறான்." பணிமனையில் பதில் சொல்ல வேண்டியது மூலை அறைக் கம்ப்யூட்டர் ஒன்றே. எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று மற்றத் திரைகளெல்லாம் அதைத்தான் கேட்கும்.

மேலாளருக்கு இந்தத் தையல் வேலையில் நம்பிக்கையில்லை. ஒரு கம்பெனி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்து விற்கிறது. அதன்மேல் அவருக்கு ஒரு கண். பேசிப் பேசிக் கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கத்திரி அக்காவின் கைவேலையால் ஒரே ஒரு தடவை வண்டி நின்றாலும் டப்பா வந்துவிடும். "சரி சார், நின்னா வாங்கிக்குங்க" என்று அக்காவே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

சென்ற வாரம் மதிய ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வண்டிகள் நின்றன. மின்பணியாளர் மூலை அறை மின்விசிறியைப் பார்க்க வந்து மின்சாரத்தை நிறுத்தினார். இவருக்கு 'இருட்டு' என்று பெயர். போன இடத்திலெல்லாம் முதலில் விளக்கு அணையும். மின்சாரம் திரும்பியது, கம்ப்யூட்டர்கள் எழுந்தன, எல்லாத் திரையிலும் 'பதில் இல்லை' என்று வந்தது. ஓட்டுநர்கள் முற்றத்தில் கூடி, ஒரே வண்டிக்கு மூன்று பேராக ஏறினார்கள்.

"சொல்லிட்டு அணைச்சா என்னடா?" என்று கத்தினார் மேலாளர். "இன்னிக்கே உனக்கு சஸ்பென்ஷன்!"

"தப்புதான் சார். நான் நிறுத்தினதுலதான் போச்சு" என்றார் இருட்டு. அவரும் அப்படியே நம்பினார்.

"நீ கை வச்சது எதுடா உருப்பட்டிருக்கு?" என்று தன் பங்குக்கு வைதுவிட்டு, கத்திரி அக்கா மூலை அறைக்குள் போனார். சர்வரைக் கிளப்பச் சொன்னார். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி சொன்னார், மறுபடி அதே பதில். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டராகச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொது அமைப்பில் 'சர்வர் வேண்டாம்' என்று அவரே எழுதியிருந்தார். மூலை அறைக்கு மட்டும் விலக்கு எழுத மறந்துவிட்டது. அடுத்த அப்டேட்டில் அந்தக் கம்ப்யூட்டர் சொன்னபடி சர்வர் இல்லாமல் தன்னைத் தைத்துக்கொண்டது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வர் மட்டும், வேலைநீக்க உத்தரவு கைக்கு வந்து சேராத ஊழியனைப்போல, நினைவகத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இருட்டு செய்ததெல்லாம் அதை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியதுதான்.

விலக்கை எழுதி, மறுபடி தைக்கவிட்டு, வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பணிமனையில் அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

சாயங்காலம் திரைகளில் வண்டி எண்கள் திரும்பின. மேலாளர் தானாகவே கிடங்குக்கு வந்தார். "நல்லவேளை நீங்க இருந்தீங்க. அந்த டப்பாக்காரனா இருந்தா நாளைக்கு வர்றேன்னிருப்பான். ஒத்துக்கறேம்மா, உங்க வழிதான் சரி. இருட்டுக்கு ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு. நீங்களும் வந்து ஒரு சாட்சிக் கையெழுத்து போட்டுடுங்க."

கத்திரி அக்கா அவர் பின்னாலேயே மேலாளர் அறைக்குப் போனார். இருட்டு வாசலில், ஸ்க்ரூடிரைவரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றார்.

"அவன் கரண்ட்டைத்தான் சார் நிறுத்தினான்" என்றார் அக்கா. "சர்வரை நான் அதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். அவன் தொடலைன்னாலும் என்னிக்காவது நின்னிருக்கும்."

மேலாளர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். கத்திரி அக்கா மேஜைக் கண்ணாடியைத் தூக்கி, அடியில் கிடந்த டப்பா கம்பெனியின் விசிட்டிங் கார்டை உருவி, போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.