பஞ்சின் மேல் போட்ட பழி

ஸ்பீக்கர் பெட்டி செய்பவர் என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. பெட்டிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். புதிதாகக் கேள்விப்படுகிறவர்கள் சவப்பெட்டி என்று நினைத்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள். "அது சத்தம் அடங்கினவங்களுக்குங்க, நம்மளது சத்தம் போடுற பெட்டி" என்பார். இருபத்திரண்டு வருடமாக அதே நகைச்சுவை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. பலகையை அறுத்து ஒட்டுவதை யாரும் செய்துவிடலாம். அவருக்குப் பேர் வாங்கித் தந்தது, உள்ளே பஞ்சு வைக்கும் கை. எல்லாப் பக்கமும் மூடிய பெட்டிக்குள் உதிர்த்த பஞ்சை அளவாக நிரப்பினால், உள்ளே அடைபட்ட காற்று சற்று நிதானப்படும். சின்னப் பெட்டியும் பெரிய பெட்டியைப் போல ஆழமாக முழங்கும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை அவர் எடை போட்டுப் பார்த்ததில்லை. உள்ளங்கைக்கே தெரியும் என்பார்.

பஞ்சு அவருடைய அக்காவிடமிருந்து வந்தது. மூன்று தெரு தள்ளி, தலையணை தைத்துப் பிழைப்பவர் அவர். பாலியஸ்டர் பஞ்சை மூட்டையோடு தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். கையாலேயே பிரித்து, பூப்போல உதிர்த்துத்தான் தருவார். "கட்டி கட்டியா இருந்தா தலைக்கும் ஆகாதுடா, உன் பெட்டிக்கும் ஆகாது" என்பார். அடுத்த முறை பஞ்சுக்குப் போனால், "பெட்டி எப்படிடா வந்துச்சு?" என்று கேட்காமல் விடமாட்டார்.

ஒரு வருடம் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியிலிருந்து நடன டீச்சர் வந்தார். அங்கே பிள்ளைகள் பாட்டைக் காதால் கேட்பதில்லை. பலகைத் தரையில் வெறுங்காலோடு நின்று, அதிர்வைப் பிடித்து ஆடுவார்கள்.

"பாதத்துல தெரியணும்ங்க. தம் தம்னு அதிர்ற அடி சத்தம் நல்லா இறங்கணும்" என்றார் டீச்சர்.

"ரெண்டு பெட்டி செஞ்சு தர்றேன் டீச்சர். நாற்காலியே நடந்து போகும், பாருங்க."

இந்த வேலைக்கு மூடிய பெட்டி போதாது என்று, முன்பக்கம் காற்றுக்குழாய் வைத்த பெட்டி செய்தார். உள்ளிருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாக வந்து போனால்தான் அதில் அடி சத்தம் எழும். அவருக்கு அது புதுப் பழக்கம். ஆனால் பஞ்சு விஷயத்தில் யாரிடமும் யோசனை கேட்கத் தோன்றவில்லை. வழக்கம்போல நிரப்பினார். பிள்ளைகளுக்கு ஆயிற்றே என்று இரண்டு கை கூடுதலாகவே வைத்தார்.

பள்ளியின் நடனக் கூடத்தில் பெட்டிகளை வைத்துப் பாட்டைப் போட்டார்கள். பதினான்கு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். பாட்டு ஓடியது. யாரும் அசையவில்லை. ஒரு சின்னப் பெண் கண்ணைத் திறந்து, குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்து, இல்லை என்று கையை விரித்தாள்.

பெட்டிக்காரருக்குக் காது மடல் வரை சுட்டது. டீச்சர் பக்கத்தில் பள்ளி விடுதியின் வார்டனும் நின்றிருந்தார்.

"பஞ்சுதான் சரியில்ல. எங்க அக்காகிட்ட வாங்கினது. பழசைக் கலந்து குடுத்திருக்கும்போல" என்றார்.

எப்படி அந்த வாய் அதைச் சொன்னது என்று அவருக்கே தெரியவில்லை. விடுதித் தலையணைகள் எல்லாம் அக்கா தைத்துக் கொடுப்பவை என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வார்டன் தலையை ஆட்டிக்கொண்டார்.

பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தார். பஞ்சில் பழுது இல்லை. அவர் திணித்த பஞ்சுதான் குழாயின் உள்வாயில் போய் அடைத்துக்கொண்டு நின்றது. அள்ளி அள்ளி வெளியே போட்டார். சுவரோரம் மெல்லிய படுக்கையாகக் கொஞ்சம் மட்டும் விட்டு, குழாயின் வாயைத் தாராளமாகத் திறந்துவைத்தார். மூடிப் பாட்டைப் போட்டதும் மேசை மேல் இருந்த ஆணிகள் குதித்தன. அதே பஞ்சு, அளவு மட்டும் குறைவு, அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் ஆடினார்கள். அந்தச் சின்னப் பெண் ஓடி வந்து, அவர் கையைப் பிடித்துத் தன் பாதத்தைக் காட்டிச் சிரித்தாள்.

"பஞ்சை மாத்திட்டீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"ம்."

"நல்ல வேளை. இனிமே அவங்ககிட்ட வாங்காதீங்க."

அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார். ஒன்பது நாள் அக்கா வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனார்.

பத்தாம் நாள் மத்தியானம் அக்காவே வந்தார். கையில் கிழிந்த எட்டுத் தலையணை உறைகள்.

"விடுதியில தலையணையை அறுத்துப் பார்த்திருக்காங்கடா. ஒரு குறையும் இல்லையாம். ஆனாலும் எதுக்கு வம்புன்னு வேற இடத்துல குடுத்துட்டாங்க. யாரோ என்னைப் பத்திச் சொல்லியிருக்காங்க. நீ அங்கதானே போய் வர்றே, காதுல எதாச்சும் விழுந்துச்சா?"

கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார்.

"நான்தான்க்கா சொன்னேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். குழாய் அடைத்தது, வாய் முந்தியது, பிறகு தெரிந்தும் வாயைத் திறக்காதது, எல்லாம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அவளாச்சும் கூடத்தைத்தான் சொன்னா. நீ கூடப் பிறந்தவளைச் சொல்லிட்டே" என்றார் அக்கா. சத்தம் உயரவில்லை. உறைகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே பெட்டிக்காரர் பள்ளிக்குப் போனார். டீச்சரையும் வார்டனையும் ஒன்றாக உட்காரச் சொல்லி, நின்றுகொண்டே சொன்னார். டீச்சரின் முகம் சிவந்தது.

"என்னையும் சேர்த்துல்ல பொய் சொல்ல வச்சிருக்கீங்க! நானும் நாலு பேர்கிட்ட சொன்னேனே!"

"அந்த நாலு பேர் யாருன்னு சொல்லுங்க டீச்சர். நானே போய்ச் சொல்றேன்."

நான்கு இடத்துக்கும் போனார். ஒருவர் சிரித்தார், ஒருவர் கதவைப் பாதி திறந்தபடியே கேட்டார். வார்டன் வருத்தப்பட்டார். ஆனால் புது ஆளிடம் ஒரு வருடத்துக்குப் பேசி முடித்திருந்தார்கள். அக்கா அந்த வருடத்தைக் கல்யாண மெத்தைகள், கார் இருக்கை உறைகள் என்று எதையெதையோ தைத்துக் கடந்தார். வருடம் முடிந்து விடுதியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். கை நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

தம்பியோடு பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தார், பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துத் தந்தார், தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்தார். பஞ்சும் கேட்டால் கொடுத்தார், முன்போலவே உதிர்த்து. ஆனால், "பெட்டி எப்படிடா வந்துச்சு?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். தம்பி அந்தக் கேள்விக்காகப் பஞ்சு மூட்டையோடு வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்பார். அக்கா தையல் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கிவிடுவார்.