கூடாரத்து வாசலில் என் செருப்பு

சென்ற ஆண்டு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து சிலர் வெளிநாட்டில் நடந்த கத்தோலிக்க இளையோர் மாநாட்டுக்குப் போனோம். நான்கு வயது மகளை எங்கள் ஊரான இடைசெவலில் கணவரிடம் விட்டு வந்தது சரிதானா என்று அங்கேயும் மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மாலை, நற்கருணை ஆராதனை நடந்த பெரிய கூடாரத்துக்குள் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். எல்லோரும் ஷூவுடன் நுழைய, நான் மட்டும் ஊர் வழக்கப்படி செருப்பை வாசலில் கழற்றினேன். செபித்துவிட்டு, தெரியாமல் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். எங்கள் குழுவைக் காணவில்லை. போனில் சிக்னலும் இல்லை. சுற்றிலும் பாட்டும் ஆட்டமும். என் பேச்சு புரிகிற ஒருவரும் இல்லை. மகளிடம் போய்ச் சேருவேனா என்று பயந்தபடி, வெறுங்காலுடன் கூடாரத்தைச் சுற்றி நடந்தேன்.

ஒரு வாசலில், என் செருப்புக்குப் பக்கத்தில், எங்கள் குழுவின் செல்வி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, இம்புட்டுக் கூட்டத்துல செருப்பை வெளிய கழத்திப் போடுதவ நீ ஒருத்திதான். எப்படியும் இதைத் தேடி வருவேல்லா, அதான் இங்கனயே உக்காந்துட்டேன். அழாம காலை மாட்டு."

இப்போதெல்லாம் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். கோயில் திருவிழாவுக்குப் போனால், செருப்பு விட்ட இடத்தை மகளுக்கு முதலில் காட்டி, அம்மாவைக் காணவில்லை என்றால் அங்கேயே நிற்கச் சொல்கிறேன். அவளும் என் செருப்புக்குள் கால் விட்டு நின்று, "இங்கனதானம்மா?" என்று கேட்டுக்கொள்கிறாள்.