கண்ணாடிக் கடைக்காரர் சொல்லப்போகும் பதில்

மனித மூளையை ஆராயும் நிறுவனத்துக்கு நேர் எதிரே அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களுக்கு லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. திருப்பி அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதனால், எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சியாளர் வந்து, "சார், மத்தியானம் கொஞ்ச நேரம் சில கேள்விக்குப் பதில் சொல்ல முடியுமா?" என்றபோது, அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்போதே கிளம்பிவிட்டார்.

ஜன்னல் இல்லாத சிறிய அறை. திரையில் சிவப்பு வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், நீலம் வந்தால் சும்மா இருக்க வேண்டும். அப்புறம் சில சொற்களைக் காட்டி மறைத்துவிட்டு, ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். கடைசியில் கேள்விகள். வரிசையில் ஒருவர் நடுவில் நுழைந்தால் தட்டிக் கேட்பீர்களா? கேட்க நினைப்பேன், ஆனால் தொண்டையைச் செருமுவதோடு விட்டுவிடுவேன் என்றார்.

சில வாரம் கழித்து ஆராய்ச்சியாளர் கடைக்கே வந்தார்.

"சார், நீங்க ரொம்ப அபூர்வமான ஆளு."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எதுல மேடம்?"

"எதுலயும் இல்ல. எந்தச் சோதனையை எடுத்தாலும் நீங்க சரியா நடுவுல நிக்கறீங்க. இப்படி ஒருத்தரை நாங்க பாத்ததே இல்ல."

அந்த நிறுவனத்து மாணவர்கள் அவருக்குச் 'சராசரி சார்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான். வீட்டில் போய்ச் சொன்னார். மனைவி தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். இதை அளக்காமலே நம்பினார்.

"இதுக்கு ஒரு ஆராய்ச்சி வேணுமா? கல்யாணமான புதுசுல என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

வருஷக்கணக்கில் இப்படிப் போய்வந்தார். புதுச் சோதனை எதுவானாலும் முதலில் அவரை உட்காரவைத்துப் பார்ப்பார்கள். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று கணக்கு. திடீரென்று கூப்பிடுவது நின்றுபோனது. பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே சாலையைக் கடந்து போய்க் கேட்டார்.

"இப்ப ஒரு செயற்கை நுண்ணறிவு செஞ்சிருக்கோம் சார்," என்றார் ஆராய்ச்சியாளர், சங்கடத்தோடு. "இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் சொன்ன பதிலை அதுக்குப் படிக்கக் கொடுத்தோம். மனுஷங்க என்ன சொல்வாங்கன்னு இனி அதுவே சொல்லிடும். வேலை ரொம்ப வேகமாயிடுச்சு."

"நான் என்ன சொல்வேன்னும் சொல்லுமா?"

"உங்களைத்தான் ரொம்ப நல்லா சொல்லும்."

அப்போது வீட்டில் ஒரு விஷயம் இழுத்துக்கொண்டிருந்தது. மனைவிக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. வேறு ஊரில், ஒரு பரிசோதனைக் கூடத்துக்கே தலைமைப் பொறுப்பு. இவர் போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு யோசிக்காமல் இருந்தார். அதையே அந்தச் செயற்கை நுண்ணறிவு மெஷினிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார்.

பதில் கண்மூடித் திறப்பதற்குள் திரையில் வந்தது. 'போக மாட்டார். நேரடியாக மறுக்கவும் மாட்டார். கடையைச் சாக்காகச் சொல்லித் தள்ளிப்போடுவார். மனைவி அலுத்துப்போய்த் தானாகவே வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அது மனைவியே எடுத்த முடிவு என்று இவர் எல்லாரிடமும் சொல்வார்.'

ஆராய்ச்சியாளர் வேறு பக்கம் திரும்பி மேசையில் எதையோ தேடினார். மற்றதையெல்லாம் குருட்டாம்போக்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கடைக்காரர் குளிக்கும்போது ஒத்திகையே பார்த்திருந்தார்.

வீட்டுக்குப் போனதும், "போகலாம்மா," என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். "எங்க?"

"உன் புது வேலைக்கு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போக மாட்டேன்னு ஒரு மெஷின் சொல்லுச்சு."

"அப்ப என் மேல இருக்கற பிரியத்துல வரல. மெஷின் மேல இருக்கற கோவத்துல வர்றீங்க."

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "ரெண்டும்தான். எது எவ்வளவுன்னு தெரியல."

"மெஷின் வேற என்ன சொல்லுச்சு?"

"அதை விடேன்."

ஊர் மாறும் சேதியைச் சொல்லி அவர் விடைபெறப் போனபோது ஆராய்ச்சியாளர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன்னைப் பற்றிய பதிலை முன்கூட்டியே பார்த்துவிட்ட மனிதர் என்ன செய்வார் என்பது மெஷினுக்குத் தெரியாது. அது படித்த பதில்களைச் சொன்னவர்கள் யாரும் அப்படி முன்கூட்டியே பார்த்ததில்லை. வெளியே அலுவலகங்கள் இதே மாதிரி மெஷின்களை வைத்துத்தான் யார் வேலையில் தங்குவார், யார் ஓடிவிடுவார் என்று முடிவு செய்துகொண்டிருந்தன. ஆகவே ஒரு புது ஆராய்ச்சி தொடங்கியது. அதற்கு ஆட்கள் வேண்டியிருந்தது. ஜன்னல் இல்லாத அறைக்கு வெளியே மறுபடி நாற்காலிகள் போட்டார்கள்.

புது ஊரில் அவர் பெரிய கடையொன்றில் சம்பளத்துக்குக் கண்ணாடி விற்றார். முதலாளி அவரைவிடச் சின்ன வயது. லென்சைத் துடைப்பது எப்படி என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தார். மனைவி சாயங்காலம் போனில் யாரையாவது அதட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார். அவர் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். ஆரம்பத்தில் சில மாதங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமைத்தார்.

அப்போதுதான் ஆராய்ச்சியாளர் போன் செய்தார்.

"முடிவு வந்துடுச்சு சார். அவங்கவங்களைப் பத்தின பதிலைப் பாத்ததும் எல்லாரும் கோவப்பட்டாங்க. மெஷினைத் திட்டினாங்க. அப்புறம் பெரும்பாலானவங்க அது சொன்னதையே செஞ்சுட்டாங்க."

"நான்?"

"நீங்க ஒரு ஓரத்துல இருக்கீங்க."

அவருக்கு என்னமோ போலிருந்தது. "எதுக்கும் இன்னொரு தடவை கணக்குப் பாத்துடுங்க மேடம்."

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். குளியல் ஒத்திகையையும் சேர்த்து. மனைவி செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"சரி, இங்க வந்தது உங்களுக்கு நல்லதா, கெட்டதா?"

"வார நாள்ல அவ்வளவு சரியில்ல. ஞாயித்துக்கிழமைகள்ல நல்லாத்தான் இருக்கு."

மனைவி தலையாட்டினார். "இன்னைக்கு செவ்வாய்க்கிழமை," என்று சொல்லிவிட்டு, கைப்பையை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.